சொல்லும் வளையும், குரலும் வளையும்

தேவாரத்தில் பொழுது புலரும் முன்பே ஜீப்புகளின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஏறி அமர்வர். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களை அடைவர். மாலையில் இறங்கி வருவர். அன்றாடம் நிகழும் இந்தப் பயணத்தில் அவர்கள் மாநில எல்லையை மட்டும் கடப்பதில்லை. நாம் யாரும் கவனியாத இலக்கண எல்லை ஒன்றையும் கடக்கின்றனர்.

அடிவாரத்தில் நாம் ‘வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம், வந்தார்கள்’ என்கிறோம். வினைச்சொல்லின் முடிவைக் கேட்டாலே வந்தவர் யார் என்பது விளங்கிவிடும். மலைமேல் மலையாளத்தில் ‘ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, ஞங்ஙள் வந்நு, அவர் வந்நு’ என்பார்கள். யார் வந்தாலும் ‘வந்நு’ ஒன்றுதான். ஒரே தாய்மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகளில், ஒன்று சொல்லின் முடிவை வளைக்கிறது. மற்றொன்று வளைக்காமல் விட்டுவிடுகிறது.

சொல்லை இவ்வாறு வளைப்பதற்குத்தான் ஆங்கில இலக்கணத்தில் ‘இன்ஃப்ளெக்ஷன்’ என்று பெயர். ‘வளைத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலம் கற்கும் மாணவர் அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு இரு பொருள்களைக் காண்பார். ஒன்று, சொல்லின் வடிவம் இலக்கணத்திற்கேற்பத் திரிவது. மற்றொன்று, பேசும்போது குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் வளைவது. கணிதத்தில் வளைகோடு தன் வளைவின் போக்கை மாற்றிக்கொள்ளும் புள்ளிக்கும் இதே பெயரே வழங்குகிறது. சொல்லின் வளைவுக்கும் குரலின் வளைவுக்கும் என்ன உறவு? ஆங்கிலம் கற்கும் நமக்கு இவ்விரண்டும் ஏன் இடறுகின்றன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு மதிப்பெண் போன கதை

இயற்பியல் ஆசிரியன் இதைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. செய்முறைத் தேர்வு ஒன்றில், தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவரிடம் தேர்வாளர் ஆங்கிலத்தில் வாய்மொழிக் கேள்வி கேட்டார்: “ஊசலின் நீளத்தைக் கூட்டினால் அலைவு நேரம் என்னவாகும்?” மாணவர் “இன்க்ரீசஸ்” என்றார். கூடும் என்பதே சரியான விடை. ஆனால் அச்சத்தால் அவருடைய குரல் சொல்லின் இறுதியில் மேலே ஏறிவிட்டது. அது விடையாக ஒலிக்கவில்லை, ‘கூடுமா?’ என்ற கேள்வியாக ஒலித்தது. “உறுதியாகத் தெரியாதா?” என்றார் தேர்வாளர். மாணவர் கலங்கினார், “டிக்ரீசஸ்” என்று மாற்றிச் சொன்னார். விடை தெரிந்திருந்தும் மதிப்பெண் போயிற்று. அவரைக் கைவிட்டது இயற்பியல் அன்று, குரலின் வளைவே.

சொல் எவ்வாறு வளைகிறது?

‘வந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துப் பள்ளியில் எழுதியிருப்பீர்கள். அன்று சலிப்பூட்டிய அந்தப் பயிற்சிதான் சொல்லின் வளைவைப் பற்றிய பாடம். அச்சொல்லில் ‘த்’ என்னும் இடைநிலை காலத்தைக் காட்டுகிறது. ‘அன்’ என்னும் விகுதி ஆளைக் காட்டுகிறது. பெயர்ச்சொல்லும் இவ்வாறே ஐ, ஆல், கு, இன், அது, கண் என்னும் உருபுகளை ஏற்று வளைகிறது.

மொழியியலார் உலக மொழிகளைப் பொதுவாகத் தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்பு நிலை என மூவகையாகப் பிரிப்பர். சீன மொழியில் சொற்கள் பெரும்பாலும் வளையாமல் தனித்து நிற்கும்; அது தனிநிலை. தமிழில் உறுப்புகள் ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் செல்லும், அது ஒட்டுநிலை. சமஸ்கிருதத்திலும் இலத்தீனிலும் உறுப்புகள் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருக்கும். அது உட்பிணைப்பு நிலை.

ஆங்கிலம் எவ்வகையைச் சேர்ந்தது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதுவும் நன்றாக வளைந்த மொழியே. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப வடிவம் மாறின. வினைச்சொற்கள் இடத்திற்கேற்ப முடிவு மாறின. அழுத்தம் சொல்லின் முற்பகுதியில் விழுந்ததால் இறுதி அசைகள் தேய்ந்தன. கடல் கடந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளோடு நேர்ந்த கலப்பும் இத்தேய்வை விரைவுபடுத்தியது என்பது அறிஞர் பலர் கருத்து.

இன்று ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் ஒழுங்கான வளைவுகள் எட்டே எட்டு. பன்மையைக் காட்டும் ‘எஸ்’, உடைமையைக் காட்டும் ‘எஸ்’, ‘அவன், அவள், அது’ என்பவற்றோடு நிகழ்கால வினையில் வரும் ‘எஸ்’, இறந்தகால ‘இடி’, எச்சங்களாக வரும் ‘இஎன்’ அல்லது ‘இடி’, தொடர்ந்து நிகழ்வதைக் காட்டும் ‘ஐஎன்ஜி’, ஒப்பிடும் ‘இஆர்’, மிகுதியின் உச்சத்தைக் காட்டும் ‘இஎஸ்டி’ ஆகியவை அவை. இவற்றைத் தவிர ‘மேன், மென்’ போல உள்ளுயிர் மாறும் பழஞ்சொற்கள் சில உண்டு. நூற்றுக்கணக்கான வினைமுற்று வடிவங்களை நினையாமலே பேசும் தமிழ் மாணவருக்கு இந்த எட்டு ஒரு சுமையா?

எட்டுத்தான் எனினும், அவற்றுள் மூன்று ஒரே ஒலியாக இருப்பதே குழப்பம். இயற்பியல் நூலிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். விசை ஒன்று செயற்பட்டால் ‘ஃபோர்ஸ் ஆக்ட்ஸ்’. விசைகள் பல செயற்பட்டால் ‘ஃபோர்ஸஸ் ஆக்ட்’. பெயரில் ‘எஸ்’ வந்தால் பன்மை. வினையில் ‘எஸ்’ வந்தால் ஒருமை! எழுவாயில் அது இருந்தால் வினையில் இராது; வினையில் இருந்தால் எழுவாயில் இராது. ஒழுங்கான சொற்களில் நிகழ்காலத்திற்கு இதை நினைவிற் கொண்டால் பாதிப் பிழைகள் மறைந்துவிடும்.

சுமை ஒன்றே, தோள் வேறு

வளைவுகள் உதிர்ந்தால் அவை சுமந்த பொருள் எங்கே போகும்? ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும், ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் நமக்குப் பொருள் ஒன்றே. துரத்தப்பட்டது எது என்பதை ‘ஐ’ உருபு சுமக்கிறது. ஆகவே சொற்கள் இடம் மாறலாம். ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. எனவே அந்தச் சுமையைச் சொற்களின் வரிசை ஏற்றுக்கொண்டது. வரிசையை மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும்.

மலையாளத்திலும் இதுவே நிகழ்ந்தது. பழைய மலையாளத்தில் வினைமுற்றில் இடம், பால் காட்டும் விகுதிகள் இருந்தன. பின்னர் அவை உதிர்ந்தன. 1896இல் வெளியான ‘கேரள பாணினீயம்’ என்னும் இலக்கண நூலில் ஏ. ஆர். ராஜராஜ வர்மா, மலையாளம் தமிழிலிருந்து வேறுபட்டமைக்கு ஆறு காரணங்களைக் கூறினார். அவற்றுள் ஒன்று ‘புருஷபேத நிராசம்’, அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வேறுபாட்டை வினை கைவிட்டமை. தமிழில் ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். மலையாளத்தில் ‘வந்நு’ என்றால் யார் என்பதைச் சூழலோ ‘ஞான்’ போன்ற சொல்லோதான் உணர்த்த வேண்டும். வினையின் முடிவு இறக்கிவைத்த சுமையை எழுவாய் எடுத்துக்கொண்டது.

நம் வட்டாரத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டில் பேசுவோரும் உண்டு. அவ்விரு மொழிகளும் இவ்விகுதிகளைக் கைவிடவில்லை. ‘நேனு வச்சானு’ என்று தெலுங்கில் தன்மைக்குச் சொல்வோர், அவன் வந்ததை ‘வச்சாடு’ என்றே முடிப்பர்.

தேய்வு என்பது எங்கோ, எப்போதோ நடந்ததென எண்ண வேண்டா. நம் வாயிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. பேச்சில் ‘வந்தான்’ என்பதன் இறுதி ‘ன்’ முழுமையாக ஒலிப்பதில்லை. ‘வந்தா’ என்று மூக்கொலியோடு முடிகிறது. ‘வந்தாள்’ என்பதோ மூக்கொலி இல்லாத ‘வந்தா’ ஆகிறது. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு முழுவதும் மூக்கின் வழியே செல்லும் சிறிது காற்றில் தொங்குகிறது. ஆனால் கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘வந்தானா?’, ‘வந்தாளா?’ மறைந்திருந்த ‘ன்’னும் ‘ள்’ளும் வெளிப்பட்டுவிடும்.

குரல் எவ்வாறு வளைகிறது?

இனி இரண்டாவது வளைவுக்கு வருவோம். கழுத்தின் முன்புறத்தில் குரல்வளை உள்ளது. அதனுள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. அவை உடனே மீண்டும் மூடுகின்றன. இவ்வாறு ஒரு நொடியில் எத்தனை முறை திறந்து மூடுகின்றனவோ அதுவே குரலின் அதிர்வெண். வயது வந்த ஆணின் பேச்சில் இது ஏறத்தாழ 100 முதல் 130 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்ணின் பேச்சில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ் அளவிலும் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல்.

வீணைக் கம்பியை முறுக்கினால் சுருதி ஏறுகிறதன்றோ? கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். குரல்நாண் வெறுங்கம்பி அன்று. பல அடுக்குத் தசையும் சவ்வும் கொண்டது. எனினும் அடிப்படை ஒன்றே. குரல்வளையில் உள்ள சிறு தசை ஒன்று நாண்களை நீட்டி இறுக்கும்போது குரல் உயர்கிறது, தளர்த்தும்போது தாழ்கிறது. காற்றின் அழுத்தம் கூடினாலும் குரல் சற்று உயரும்.

பேச்சின் முடிவை நெருங்குகையில் நுரையீரல் தரும் அழுத்தம் குறைகிறது, நாண்களும் தளர்கின்றன. ஆகவே வாக்கியத்தின் இறுதியில் குரல் தாழ்வது இயல்பான இறக்கம். இறுதியில் குரலை உயர்த்த வேண்டுமானால் அந்த இறக்கத்தை எதிர்த்து முயன்று இழுக்க வேண்டும். ‘பேச்சு முடிந்தது’ என்பதை இறக்கமும், ‘இன்னும் முடியவில்லை, உங்கள் பதில் தேவை’ என்பதை ஏற்றமும் பல மொழிகளில் குறிப்பதன் பின்னணியில் இவ்வியல்பும் இருக்கலாம். பேருருவம் தாழ்ந்த ஒலியையும் சிற்றுருவம் உயர்ந்த ஒலியையும் எழுப்புவதால், தாழ்ந்த குரல் உறுதியையும் உயர்ந்த குரல் பணிவையும் குறிக்கலாயிற்று என்பது ஜான் ஓஹலா என்ற ஒலியியலாளர் முன்வைத்த கருத்து.

குரலின் வளைவைக் காது கழித்தலாக அளப்பதில்லை, விகிதமாக அளக்கிறது. 110 ஹெர்ட்ஸில் பேசும் ஆண் 165க்கு உயர்த்துவதும், 200இல் பேசும் பெண் 300க்கு உயர்த்துவதும் ஒரே அளவு ஏற்றமாகவே கேட்கும். இரண்டும் 3க்கு 2 என்ற விகிதம். இசையில் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்திற்குச் செல்லும் தொலைவு அதுவே.

கேள்வியின் சுமை

நம் முன்னோர் இந்த வளைவை அறியாதவரல்லர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒலிக்கும் முயற்சியை எடுத்தல், படுத்தல், நலிதல் எனப் பிரித்துக் கூறுகிறது. ஆனால் தமிழில் கேள்வியின் சுமையைக் குரல் தனியே சுமக்க வேண்டியதில்லை. ‘ஆ’ என்ற வினா எழுத்து சுமந்துவிடுகிறது. ‘வந்தான்’ செய்தி, ‘வந்தானா’ கேள்வி. குரலை ஒரே மட்டத்தில் வைத்துச் சொன்னாலும் கேள்வி கேள்வியே.

ஆங்கிலத்தில் அப்படியோர் எழுத்து இல்லை. சொல்வரிசையை மாற்ற வேண்டும். அல்லது குரலை உயர்த்த வேண்டும். ‘யூ ஆர் ரெடி’ என்று தாழ்த்தி முடித்தால் செய்தி. உயர்த்தி முடித்தால் கேள்வி. ‘சாரி’ என்ற சொல்லைத் தாழ்த்திச் சொன்னால் மன்னிப்பு. உயர்த்திச் சொன்னால் ‘என்ன சொன்னீர்கள்? மீண்டும் சொல்லுங்கள்’ என்று பொருள். ஆம், இல்லை என்று பதில் வேண்டும் கேள்விகள் பெரும்பாலும் உயர்ந்து முடியும். என்ன, எங்கே, ஏன் என்று தொடங்கும் கேள்விகளில் கேள்விச் சொல்லே சுமையைத் தாங்கிக்கொள்வதால், அவை பெரும்பாலும் தாழ்ந்து முடியும். பட்டியல் சொல்லும்போது ஒவ்வொன்றும் சற்று உயர்ந்து, கடைசி மட்டும் தாழும்.

சில மொழிகளில் குரல் இன்னும் பெரிய சுமையைத் தாங்குகிறது. சீன மொழியில் ‘மா’ என்ற ஓரசை, குரல் வளையும் முறைக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என நான்கு பொருள் தரும். நம் நாட்டில் பஞ்சாபியிலும் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளை மாற்றும்.

ஒரு குழம்பும் ஒரு மனக்கசப்பும்

குரலின் வளைவைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் பணியாளர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தனர். அவர்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்ற குறை எழுந்தது. பேச்சு ஆய்வாளர் ஜான் கம்பர்ஸ் இதை ஆராய்ந்து, 1982இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

உணவு வாங்க வருவோரிடம் இறைச்சியோடு குழம்பும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பணியாளர் ‘கிரேவி’ என்று உயர்த்திச் சொல்வார், ‘குழம்பு வேண்டுமா?’ என்று அது கேட்கும். நம் பெண்கள் அதே சொல்லைத் தாழ்த்திச் சொன்னார்கள். அவர்கள் மொழி வழக்கில் அதுவும் கேட்பதுதான். ஆங்கிலேயர் காதிலோ ‘இது குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று ஒலித்தது. ஒலிப்பதிவைக் கேட்டபிறகே இரு தரப்பினருக்கும் உண்மை விளங்கியது. தங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்று அதுவரை அப்பெண்களுக்கும் தெரியவில்லை. சொல்லில் பிழை செய்தால் ‘மொழி தெரியவில்லை’ என்பார்கள். குரலில் பிழை செய்தாலோ ‘குணம் சரியில்லை’ என்பார்கள். இந்த இரண்டாவது தீர்ப்பே கொடியது.

கழுத்தில் விரல் வையுங்கள்

சொல்லின் வளைவும் குரலின் வளைவும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. அது குரல்நாண். விரல்நுனிகளைக் குரல்வளைமேல் வைத்துக்கொண்டு, பாம்பின் சீறல்போல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள், அதிர்வு இல்லை. பின்னர் வண்டின் ரீங்காரம்போல் ஒலி எழுப்புங்கள்; விரல்நுனியில் அதிர்வு தெரியும்.

இப்போது நமக்குப் பழக்கமான மூன்று வினைகளை எடுத்துக்கொள்வோம்: புஷ், புல், ஹீட். மூன்றுக்கும் இறந்தகாலத்தில் எழுதுவது ‘இடி’தான், ஒலிப்பதோ மூன்று விதம். ‘புஷ்’ முடியும்போது நாண்கள் அதிர்வதில்லை. எனவே வரும் ஒலி ‘பட்டு’ என்பதிலுள்ள வல்லோசை டகரம்போல் இருக்கும். ‘புல்’ முடியும்போது நாண்கள் அதிர்கின்றன. எனவே ‘படு’ என்பதிலுள்ள மெல்லிய டகரம்போல் ஒலிக்கும். ‘ஹீட்’ ஏற்கெனவே அவ்வகை ஒலியில் முடிவதால் இடையில் ஓர் இகரம் நுழைந்து ‘ஹீடிட்’ என்றாகிறது. நிலைமம் பற்றிப் படித்திருக்கிறீர்கள். அதிரும் நாண் அதிர்ந்துகொண்டே இருக்க விரும்புவதுபோலவும், ஓய்ந்த நாண் ஓய்வை விரும்புவதுபோலவும் இவ்விதியை நினைவிற் கொள்ளலாம். ‘எஸ்’ விகுதியும் இவ்வாறே சீறலாகவும் ரீங்காரமாகவும் மாறும். சீறலிலோ ரீங்காரத்திலோ முடியும் சொல்லில் ‘ஃபோர்ஸஸ்’ என்பதுபோல் ஓர் உயிரொலி இடையே வரும். ‘பட்டு’, ‘படு’ என்று ஓரெழுத்தை இடமறிந்து இருவகையாக ஒலிக்கும் நமக்கு இது புதிய வித்தையன்று.

இறுதியாக ஒரு சோதனை. கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். ‘ரெடி’ என்ற சொல்லை விடையாக ஒருமுறையும் கேள்வியாக ஒருமுறையும் சொல்லுங்கள். கணினி வசதி இருந்தால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளில் அப்பதிவைத் திறந்து பாருங்கள். நேரத்தைக் கிடையச்சிலும் அதிர்வெண்ணைக் குத்தச்சிலும் கொண்ட வரைபடத்தில் உங்கள் குரல் ஒரு வளைகோடாகத் தெரியும். ஒன்று இறங்கும்; மற்றொன்று ஏறும். கண்ணால் கண்ட பிழையைத் திருத்துவது எளிது.

இலண்டன்காரரைப் போலப் பேச வேண்டும் என்பதில்லை. நம் ஆங்கிலத்திற்கு நம் மண்ணின் இசை இருப்பதில் இழிவேதும் இல்லை. சொல்ல வந்தது எதிரே இருப்பவருக்குப் பிசகின்றிப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. மலைமேல் வேலைக்குச் செல்வோர் பலர் இலக்கண நூல் எதையும் படியாமலே காலையில் ‘வந்நு’ என்றும், மாலையில் ‘வந்தேன்’ என்றும் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியதால் வந்த திறம் அது. உங்களுக்கும் அது கைகூடும். அடுத்த முறை தேர்வாளர் எதிரில் அமரும்போது, தெரிந்த விடையைக் குரலைத் தாழ்த்தி முடியுங்கள். ஊசலின் நீளம் கூடினால் அலைவு நேரம் கூடும். அதில் கேள்விக்கு இடமில்லை.